சட்டை முதுகில் சவரிமுத்து

சர்வதேசப் போட்டிகளின் ஒழுங்குமுறையில், சீருடை பற்றிய பகுதியில், ஒரு விதி உண்டு. வீரரின் சட்டை முதுகில், எண்ணோடு சேர்த்து, அந்த வீரர் எந்தப் பெயரால் அறியப்படுகிறாரோ அந்தப் பெயர் இருக்க வேண்டும். வீரர் பட்டியல் இறுதியாவதற்கு முன்பே அணி நிர்வாகம் அதை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். படித்தால் எந்தச் சிக்கலும் தெரியாது. ஒழுங்குமுறை எழுதுகிறவர்கள் நல்லவர்கள். உலகத்தில் எல்லாருக்கும் ஒரு குடும்பப் பெயர் இருக்கும் என்று நம்புகிற அளவுக்கு நல்லவர்கள்.

காரைக்குடிப் பக்கத்து ஆளுக்கு அது கிடையாது. அவனுக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் ஒரு எழுத்து. அந்த எழுத்துக்குள் அவன் அப்பா சுருண்டு படுத்திருப்பார். பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அவரை எழுப்பி, முழு நீளத்துக்கு நிமிர்த்தி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார வைப்பார்கள். பிறகு மகன் எந்த நாட்டுக்குப் போய் இறங்கினாலும், அங்கே முதலில் வந்து இறங்குகிறவர் அப்பாதான்.

புதிதாக அணி மேலாளர் பொறுப்புக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். விசில் ஊதியிருக்கிறேன், ஸ்கோர் எழுதியிருக்கிறேன், கோட்டுக்குப் பக்கத்தில் கொடி பிடித்து நின்றிருக்கிறேன். கடைசியாக ஆண்கள் தேசிய வாலிபால் அணியோடு மேலாளராக ஓர் ஆசியப் போட்டிக்குப் போனேன். விசா, டிக்கெட், பெட்டியின் எடை இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளும் நாள் விமான நிலையத்தில் காத்திருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

அணியின் வரலாறும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆசிய விளையாட்டில் 1958இல் வெண்கலம், 1962இல் வெள்ளி, 1986இல் மறுபடி வெண்கலம். அதற்குப் பிறகு நாம் எதிர்காலமுள்ள அணி. அந்த எதிர்காலத்தை இத்தனை வருஷமாகச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறோம். நான் பார்த்த பழைய அணிப் படங்களில் சட்டையில் எண் மட்டும்தான் இருக்கும். பதக்கம் வாங்கியவர்களுக்கு முதுகில் பெயர் தேவைப்படவில்லை. இப்போது தொலைக்காட்சி இருக்கிறது, செல்போன் இருக்கிறது, பந்து விழுந்தவுடன் யார் அடித்தது என்று கத்திச் சொல்ல மைக்கோடு ஓர் ஆள் இருக்கிறார். ஆகவே பெயர்.

எனக்கு முன்னால் பல வருஷம் மேலாளராக இருந்த ஒருவரிடம் நான் உதவியாளராக இருந்திருக்கிறேன். பெயர் வேண்டாம்; உயிரோடு இருந்தால் கோபித்துக்கொள்வார். யார் என்ன பிரச்சினையோடு வந்தாலும், “எழுதிக் கொடு” என்பார். உணவில் உப்பு இல்லை என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “எழுதுறப்பயே பாதிக் கோபம் பேனா வழியா இறங்கிரும்யா. மீதிப் பாதிக்குத்தான் நம்ம வேலை” என்றார். அவருடைய மற்ற அறிவுரைகள் எல்லாம் தவறாகப் போயின. இது ஒன்று நின்றது.

இனி அருள்ராஜ்.

அருள்ராஜ் மானகிரிக்காரன். வலது பக்கத்திலிருந்து அடிக்கிறவன். ஓடிவந்து எகிறிப் போடும் சர்வீஸ்தான் அவன் சொத்து. விழுந்தால் எதிரணி பிரித்துக்கொண்டு ஓடும், விழாவிட்டால் நெட்டில். என் கல்லூரியில் படித்தவன். மாநிலப் பயிற்சி முகாமுக்கு அவன் தேர்வானபோது, வீட்டில் அனுமதி கேட்கப் போனவன் நான்தான்.

அவன் அப்பா பெயர் சவரிமுத்து. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசை, வயலில் மற்ற ஆறு நாள். அவருடைய நாற்றங்காலுக்குப் பக்கத்துத் தரிசில் பையன்கள் நெட் கட்டி ஆடியிருக்கிறார்கள். பந்து நாற்றங்காலில் விழுந்திருக்கிறது. ஒருதரம் விழுந்தால் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் பந்தோடு சேர்ந்து அருள்ராஜும் அவன் கூட்டாளிகளும் நாற்றுக்குள் இறங்கி மிதித்துவிட்டார்கள். சவரிமுத்து அரிவாளை எடுத்துப் பந்தைக் கிழித்தார். கிழித்ததோடு விடவில்லை. அதைக் கவிழ்த்து, வயலில் நின்ற வைக்கோல் பொம்மைக்குத் தலையாக மாட்டிவிட்டார். நான் போன அன்றும் அந்தப் பொம்மை இந்தியத் தயாரிப்பு முத்திரையோடு என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

“அனுமதியா?” என்றார் சவரிமுத்து. “எங்கிட்ட எதுக்குக் கேக்குறீக? கேட்டா ஆட ஆரம்பிச்சான்?”

அருள்ராஜ் போனான். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசவில்லை. விளையாட்டுக்கான ஒதுக்கீட்டில் அவனுக்கு நல்ல வேலை கிடைத்த பிறகும் பேசவில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, “உன் மகன்ட்ட சொல்லு”, “உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க” என்று இருவரும் அவன் அம்மாவை அஞ்சல் நிலையமாக வைத்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் இந்திய அணிச் சட்டைகள் வந்தன. தைத்து அனுப்பியவர்கள் அவற்றை நேராகப் போட்டி நடக்கும் ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம், ஹோட்டல் அறையில் பெட்டியைப் பிரித்தோம். அணியில் சிங் நான்கு பேர். அந்தச் சிக்கலை யாரோ யோசித்து, நான்கு சிங்குக்கும் முன்னால் வேறு வேறு எழுத்துப் போட்டுத் தீர்த்திருந்தார்கள். அருள்ராஜ் தன் சட்டையை எடுத்து முன்பக்கம் பார்த்தான். நெஞ்சில் இந்தியா. ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தான். திருப்பினான். முதுகில், தோளுக்குத் தோள், சவரிமுத்து.

“சார்,” என்றான். “இது யாரு?”

“உங்கப்பா.”

“அவரு எந்தப் பொசிஷன்ல ஆடுறாரு?”

வீரர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பட்டியலில் சட்டைப் பெயர் என்று தனிக் கட்டம் ஒன்று உண்டு. அதைக் காலியாக விட்டால், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கட்டத்தை யார் காலியாக விட்டது என்று நான் ஆராயவில்லை. ஆராய்ந்தால் ஒரு கமிட்டி போட வேண்டும். கமிட்டிக்குத் தேநீர் வாங்க வேண்டும்.

“நான் இதைப் போட மாட்டேன் சார்.”

“நாளைக்கு மேட்ச்.”

“தெரியும். பந்தைக் கிழிச்ச மனுஷன் பேரை முதுகுல போட்டுக்கிட்டு நான் பந்தடிக்க மாட்டேன். என்னைய உக்கார வச்சிருங்க.”

அவன் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கவலை இருந்திருக்காது. சத்தம் போடுகிறவன் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடுவான். இவன் சட்டையை நான்காக மடித்து, மடிப்பு கலையாமல் பெட்டிக்குள் திருப்பி வைத்தான்.

கோச் அரியானாக்காரர். விஷயத்தைக் கேட்டதும், சட்டையா பந்தடிக்கப் போகிறது என்று இந்தியில் கத்தினார். அவர் சட்டையில் அவருடைய சொந்தப் பெயர்தான் இருந்தது. நான்கு சிங்குகளில் ஒருவன் நல்ல மனசோடு முன்வந்தான்: “நாங்கள் ஏற்கெனவே நாலு பேர். அஞ்சாவதாக இவனும் சிங்காக இருக்கட்டும், யாருக்குத் தெரியப் போகிறது?” கேப்டன், எல்லாருடைய பெயர் மேலும் பிளாஸ்திரி ஒட்டிவிடலாம் என்றான். இளைஞர்களுக்கு இப்படி அழகான யோசனைகள்தான் முதலில் வரும். உங்களுக்கும் வரும். வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பெயரை மறைத்தால் அது மாறுபட்ட சீருடை. மாறுபட்ட சீருடையோடு களத்தில் இறங்க விட மாட்டார்கள். ஒருவனுடைய கோபத்துக்காக ஓர் அணியையே கதவுக்கு வெளியே நிறுத்தி வைப்பதைத் தியாகம் என்று சொல்வதில்லை.

ஆட்டக்காரனிடம், “அப்பா பேருதானே, பெருமையா நெனச்சுக்கோ” என்று நான் சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் சொல்லச் சொன்னார்கள். அப்பா என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கிழிந்த பந்து கிடப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாத வீட்டுக்குள் செருப்போடு நுழைவது மேலாளர் வேலை இல்லை.

“எழுதிக் கொடு,” என்றேன்.

“என்னத்த?”

“மனு. சட்டைப் பெயரை மாத்தக் கோரி. நான் எழுதுறேன், நீ சொல்லு. காரணம் என்ன?”

“எங்கப்பா பந்தைக் கிழிச்சாருன்னு எழுதுங்க.”

“எதால?”

“அருவாளால.”

“கமிட்டிக்காரவுக அருவாளைக் கண்டது கிடையாது. கொலைக் கேஸுன்னு நெனச்சுக்குவாக.”

“அப்ப, பொம்மைக்குத் தலையா வச்சாருன்னு எழுதுங்க.”

“என்ன பொம்மை?”

“வயக்காட்டுப் பொம்மை சார். நீங்கதான் பாத்திருக்கீகளே. காக்கா கூட பயப்படாது. அதுக்கு மேல வந்து உக்காந்திருக்கும்.” சொல்லும்போதே அவன் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. “அந்தப் பந்து எங்க செட்டுல எல்லாரும் காசு போட்டு வாங்கினது சார்.”

“அதைச் சேக்கவா?”

“வேணாம். சும்மா, என்னைய எல்லாரும் அருள்ராஜுன்னுதான் கூப்பிடுவாக, அந்தப் பேரைப் போடுங்கன்னு மட்டும் எழுதுங்க.”

எழுதினேன். கையெழுத்துப் போட்டான். போட்டிக் கமிட்டி அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த அம்மையார் மிகவும் மரியாதையானவர். மனுவைப் படித்தார், முத்திரை குத்தினார், பரிசீலிக்கப்படும் என்றார். எப்போது என்று கேட்டேன். அதே மரியாதையோடு, பரிசீலிக்கப்படும் என்றார். உலகத்தின் எல்லா அலுவலகங்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்ற நிம்மதியோடு திரும்பி வந்தேன்.

“என்ன சொன்னாக சார்?”

“மனு நிலுவையில இருக்கு.”

“அப்ப நாளைக்கு?”

“நல்லாக் கேட்டுக்கோ. மனு நிலுவையில இருக்கிற வரைக்கும் அந்தச் சட்டைல இருக்கிறது உன் பேரும் இல்ல, உங்கப்பா பேரும் இல்ல. விவகாரத்துல இருக்கிற சொத்து மாதிரி. யாருக்கும் சொந்தமில்ல. நீ அதை அனுபவிக்கலாம், உரிமை கொண்டாட முடியாது. அவ்வளவுதான்.”

என்னை உற்றுப் பார்த்தான். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு விவகாரத்தில் இருக்கிற சொத்து என்றால் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஒரு நிலம் இருக்கும். யாரோ ஒருவர் அதில் உழுதுகொண்டும் இருப்பார்.

“நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் சார்,” என்றான். சட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

இதுவரை நான் செய்தது நடைமுறை. நடைமுறையைப் படித்தவர் யாரும் செய்வார். மனுவின் பயன் பதில் கிடைப்பது மட்டும் அல்ல. பதில் வராத காலத்தில் ஒரு மனுஷன் மானத்தோடு நிற்க ஓர் இடம் கிடைக்கிறதே, அதுவும்தான். ஆனால் மறுநாள் நடந்ததற்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் கிடையாது.

மேலாளருக்கு ஆட்டத்தின்போது பெஞ்சில் இடம் இல்லை. இது விதி, தெரியாமல் போய் உட்கார்ந்து எழுப்பப்பட்டவர்கள் உண்டு. கோச் உட்காரலாம், உதவிக் கோச் உட்காரலாம், டாக்டரும் பிசியோவும் உட்காரலாம். அத்தனை பேருக்கும் ஹோட்டல் அறை பிடித்துக் கொடுத்தவன் பார்வையாளர் வரிசையில் உட்கார வேண்டும். நான் பெஞ்சுக்குப் பின்னால், தடுப்புக் கம்பிக்கு மேலே, முதல் வரிசையில், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரை ஆத்தங்குடிக் கல் போலப் பளபளவென்று இருந்தது. கூட்டமும் பரவாயில்லை.

எதிரணி நம்மைவிட உயரம். மைக்காரர் நம்மைவிட உற்சாகம். அருள்ராஜ் முதல் சர்வீஸுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் போனான். மைக்காரர், பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் மாவு பிசைவதுபோல இழுத்து, “சாஆவாஆரீஈமூத்தூஊ!” என்றார். அருள்ராஜ் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். நிஜமாகவே பின்னால் யாரோ வந்துவிட்டார் என்று நினைத்தவன்போல. பந்து நெட்டில்.

அடுத்ததும் நெட்டில். வலது பக்கத்தில் ஒரு பந்தை நன்றாக அடித்தான். அதற்கும் மைக்காரர் சவரிமுத்துவைக் கூப்பிட்டார். அருள்ராஜ் கையைத் தூக்காமல் தலையைக் குனிந்துகொண்டு இடத்துக்குப் போனான். முதல் செட் போயிற்று. இரண்டாவது செட்டைச் சிங்குகள் தடுப்பு ஆடிக் காப்பாற்றினார்கள். மூன்றாவதில் அருள்ராஜின் சர்வீஸ் மறுபடி நெட்டில் இறங்கியது. கோச் பெஞ்சில் இருந்த மாற்று ஆளைப் பார்க்க ஆரம்பித்தார். தேசிய அணியில் முதல் ஆட்டத்தில் இப்படி உட்கார வைக்கப்பட்ட பையனை மறுபடி எழுப்ப எத்தனை காலம் ஆகும் என்று எனக்குத் தெரியும். பல பேர் எழவே இல்லை.

அப்போது என் செல்போன் அடித்தது.

“சார், சவரிமுத்து பேசுறேன். மானகிரி.”

“சொல்லுங்க. நல்லா இருக்கீகளா?”

“எங்குட்டு நல்லா இருக்கிறது? அங்குட்டு மைக்கைப் பிடிச்சிருக்கவன் யாரு?”

“போட்டி நடத்துறவுக ஆளு.”

“அவனுக்கும் எனக்கும் என்ன சார் தகராறு? மூச்சுக்கு மூச்சு என் பேரைச் சொல்லிக் கத்துறான்.”

“உங்க பேரு சட்டைல இருக்கு. அதைப் பாத்துச் சொல்றான்.”

“சட்டைல இருந்தா? ஆடுறது நானா?” பின்னால் பலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. “டீக்கடைல செல்லுல போட்டு வச்சிருக்கானுக சார். சும்மா டீ குடிக்க வந்தவன் நான். ‘சவரிமுத்து சர்வீஸ் நெட்டுல’ங்கிறான் ஒருத்தன். ‘சித்தப்பு, கொஞ்சம் தூக்கிப் போடக் கூடாதா’ங்கிறான் இன்னொருத்தன். டீ ஆத்துறவன் இருக்கானே, அவன், ‘மாமா, உமக்கு வயசாயிருச்சு, கோச்கிட்ட சொல்லிட்டு உக்காந்துக்கிரும்’கிறான். நான் பந்தைத் தொட்டதே ஒரு தடவைதான் சார். அதுவும் அருவாளால.”

“தெரியும்.”

“நெட்டுல விழுகிறதக்கூட விடுங்க. இப்ப ஒண்ணு அடிச்சான் பாருங்க, வலது பக்கம், அவனுக எடுக்கவே முடியல. அதுக்கும் என் பேருதான். இங்குட்டு எல்லாப் பயலும் என்னையப் பாத்துக் கை தட்டுறானுக. நான் அடிக்காத பந்துக்கு எனக்கு எதுக்கு சார் கைதட்டு? ஆடுறவன் பேரைப் போடுறதுதானே முறை? அவன் பேரைப் போடச் சொல்லுங்க.”

“பேரை மாத்தச் சொல்லி மனுப் போட்டாச்சு.”

“அப்ப என் பேருலயும் ஒண்ணு போடுங்க. வாய்வார்த்தையா இல்ல, முறைப்படி.”

“போட்டுக்கிறேன்.”

“நெட்டுக்கு மேல போடச் சொல்லுங்க சார் அவனை,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

யார் ஏற்கெனவே மனுப் போட்டது என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது எந்த அலுவலக நடைமுறையிலும் இல்லை. உன் பெயர் வேண்டாம் என்று உன் மகன் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்பதை ஒரு டீக்கடைக்கு நடுவில் நிற்கிற மனுஷனிடம் சொல்ல வேண்டிய அவசரம் எனக்கு இல்லை.

மூன்றாவது செட்டும் போய்விட்டது. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் மூன்று நிமிஷம். பிசியோ, கேரளத்துப் பையன், ஐஸ் வாங்கக் கம்பிக்குக் கீழே வந்து கையை நீட்டினான். அந்த மூன்று நிமிஷத்தில் நான் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: என்ன சொல்லி அனுப்புவது?

அப்பா நெட்டுக்கு மேலே போடச் சொன்னார் என்று சொல்லலாம். அவர் சொன்னதுதான், பொய் இல்லை. சொன்னால் அடுத்த சர்வீஸும் நெட்டில்தான். உன்னால் அவருக்குக் கேலி என்று சொல்லலாம். அதுவும் உண்மை. சொன்னால், நல்லா வேணும் என்பான். அல்லது ஒன்றும் சொல்லாமல் ஐஸை மட்டும் கொடுக்கலாம். விதிப்படி அதுதான் உத்தமம். கோச்சின் வேலையில் மேலாளர் தலையிடக் கூடாது.

நான் பிசியோவிடம் சொன்னேன்: “அருள்ராஜ்ட்ட இதை மட்டும் சொல்லு. அவங்கப்பா டீக்கடைல மேட்ச் பாக்கிறாரு. தன் பேரை எடுத்துட்டு மகன் பேரைப் போடணும்னு அவரும் மனுக் கொடுத்திருக்காரு. தான் அடிக்காத பந்துக்குத் தனக்குக் கைதட்டு வேணாமாம்.”

பிசியோ இதை மனப்பாடம் செய்யும் அவசரத்தில் ஐஸை மறந்துவிட்டு ஓடினான்.

மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிசியோ சொன்னான். அருள்ராஜ் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். மறுபடி சொல்லச் சொன்னான். பிசியோ கையை ஆட்டி ஆட்டி மறுபடி சொன்னான். அருள்ராஜ் நிமிர்ந்து வரிசையில் என்னைத் தேடிப் பிடித்து, கோச் பேசிக்கொண்டிருக்கும்போதே, அத்தனை கூட்டத்துக்கும் மேலாகக் கத்தினான்:

“எந்தக் கடைல சார்?”

பெஞ்சில் இருப்பவனோடு நான் பேசக் கூடாது. விதி எனக்குத் தெரியும்.

“அந்த மாமன்னு கூப்பிடுறவன் கடை!” என்று கத்தினேன்.

அவன் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் முகாமில்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கடைக்காரன் ஊர் ஆட்டங்களில் அவனுக்கு எதிரணிக் கேப்டனாக இருந்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. வரிசையில் எனக்குப் பக்கத்திலிருந்த வெளிநாட்டுக் கிழவர் ஏதோ போர்த் தந்திரம் பரிமாறப்பட்டது என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டினார்.

கோச் அவனை மாற்றவில்லை. சிரித்துக்கொண்டிருக்கிறவனை எப்படி உட்கார வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான்காவது செட்டில் அருள்ராஜ் போட்ட முதல் சர்வீஸ் நெட்டில் விழவில்லை. எல்லாக் கோட்டையும் தாண்டி விளம்பரப் பலகையில் போய் மோதியது. அதற்கும் மைக்காரர் சவரிமுத்துவைத்தான் சொன்னார். அருள்ராஜ் இந்தமுறை தலையைக் குனியவில்லை. மானகிரி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்தவன்போல ஒரு மூலையைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டிவிட்டு இடத்துக்கு வந்தான். அடுத்த சர்வீஸ் உள்ளே. அதற்கடுத்தது அவர்களுடைய லிபரோவின், பின்வரிசையில் பந்தெடுக்கவே நிற்கிறவனின், கையைத் தட்டிவிட்டுப் போயிற்று. அந்தச் செட்டை எடுத்தோம். ஐந்தாவதை, ஒருவரையொருவர் பிடித்துக் கிழிக்கிற மாதிரி ஆடி, எடுத்தோம். ஒவ்வொரு புள்ளிக்கும் சவரிமுத்துவின் பெயர் கூரையில் முட்டியது.

கை குலுக்கல் எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அருள்ராஜ் என்னிடம் வந்தான்.

“சார், அவர்ட்ட சொல்லுங்க, நெட்டு உயரம் ரெண்டு மீட்டர் நாப்பத்து மூணு சென்டின்னு. டீக்கடைல உக்காந்துக்கிட்டுப் பேசறது லேசுன்னு.”

“நான் மேனேஜர். போஸ்ட்மேன் இல்ல. நீயே சொல்லு,” என்று நம்பரைப் போட்டு போனை நீட்டினேன்.

கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தான். மறுமுனையில், “சார்? சார்?” என்று குரல் கேட்டது. காதில் வைத்தான். நான் கேட்டது ஒரு பக்கம்தான்.

“சார் இல்ல, நான்தான்… ம்… ஆமா… இல்ல, அது பந்தைத் தூக்கிப் போட்டது சரியில்ல… நீங்க என்ன கண்டீக?… சரி… ம்… சாப்பிட்டேன்… இல்ல, சப்பாத்தி… சரி.”

போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“என்ன சொன்னாரு?”

“சர்வீஸ் போடறப்ப குதிக்காம, குனிஞ்சு போடணுமாம் சார்.”

“சரியான யோசனையா?”

“சுத்தத் தப்பு,” என்றான். முகம் முழுக்கச் சந்தோஷம்.

அந்தப் போட்டியில் கடைசியில் நமக்கு எந்த இடம் என்று கேட்காதீர்கள். எதிர்காலம் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வந்தது வேறு. அன்று என் கையில் மூன்று உண்மைகள் இருந்தன. ஒன்றைக் கீழே அனுப்பினேன், இரண்டை மேலேயே வைத்துக்கொண்டேன். எதை அனுப்புவது என்று ஒழுங்குமுறை சொல்லாது. ஆட்டக்காரனுக்கு அந்த நேரத்தில் எதைச் சுமக்க முடியும் என்று பார்த்து அனுப்ப வேண்டும். தவறினால் தோற்பீர்கள். தவறாவிட்டாலும் தோற்கலாம். அதற்காகத்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

மனு என்ன ஆயிற்று? சவரிமுத்து கேட்டபடி அவர் பெயரிலும் ஒன்று எழுதி, அவர் கையெழுத்தைச் செல்போனில் வரவழைத்துச் சேர்த்தேன். போட்டி முடிந்தது, கமிட்டி கலைந்தது. ஊர் வந்து நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். நம் சம்மேளன அலுவலகம் வழியாக அனுப்பச் சொன்னார்கள். நம் அலுவலகம் கண்டனூர்ச் செட்டியார்களின் பெரிய வீடு மாதிரி, விசேஷத்துக்கு மட்டும் திறக்கும். அடுத்த தேர்வு முகாமுக்கு அது திறந்தபோது உள்ளே நுழைந்து கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் அருள்ராஜ் அணியில் ஆடினான். சட்டையில் சவரிமுத்துதான். ஆட்டம் முடிந்ததும் மானகிரியிலிருந்து புகார் போகும். ஆரம்பத்தில் எனக்கு வந்தது. பிறகு நேராக அவனுக்கே போக ஆரம்பித்தது. சர்வீஸைப் பற்றித் தொடங்கி, மழை, மோட்டார், மாட்டுக்குச் சினை பிடித்தது என்று போய் முடியும் என்று அவன் அம்மா சொன்னார். அஞ்சல் நிலையத்தை மூடிவிட்டதில் அவருக்குப் பெரிய நிம்மதி.

பிறகு ஒருநாள் பதில் வந்தது. மின்னஞ்சல். வீரரின் கோரிக்கையைப் பரிசீலித்து, சட்டைப் பெயரை அருள்ராஜ் என்று மாற்ற அனுமதிக்கப்படுகிறது. இந்த அனுமதி மேற்படி போட்டிக்கு மட்டுமே பொருந்தும். மேற்படி போட்டி முடிந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சவரிமுத்துவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

“யாரு கோரிக்கைன்னு போட்டிருக்கு?” என்றார்.

இந்தமுறை கேட்டுவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். “வீரர். உங்க மகன்.”

 மறுமுனையில் மாட்டு மணி கேட்டது. என் பெயர் வேண்டாமென்றா எழுதிக் கொடுத்தான் என்று கேட்கப் போகிறார் என நான் அதற்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“நானும்தானே சார் கேட்டேன்?” என்றார். “கையெழுத்தெல்லாம் போட்டுக் கொடுத்தேன். என்னையச் சேக்கலையா?”

“சேக்கல.”

“என்ன ஆபீஸோ. சரி, அடுத்த மேட்ச்சுக்கு யாரு பேரு?”

“மறுபடி மனுப் போடணும். அதுவரைக்கும் உங்க பேருதான்.”

“அவன் என்ன சொல்றான்?”

“இனிமேதான் கேக்கணும்.”

“நீங்க கேக்க வேணாம். இங்குட்டுத்தான் இருக்கான், மாட்டைக் குளிப்பாட்டிக்கிட்டு. நானே கேட்டுக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, போனை அணைக்காமலேயே, “ஏலே அருளு!” என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்.

கோப்பில் அன்றைய தேதியிட்டுப் பெறப்பட்டது என்று எழுதி வைத்தேன். அன்று மாட்டுப் பொங்கல்.